ரொட்டி என்றால் சாப்பாடு

பத்திரிகை படிக்கும் நம்மவர்க்குப் பாகிஸ்தானைப் பற்றிய சமாசாரம் கிடைக்காத வாரமே இல்லை எனலாம். எல்லைப்புறத்தில் துப்பாக்கிச் சத்தம், மந்திரி சபையில் மாறுதல், கிரிக்கெட் பந்தயத்தில் வெற்றி தோல்வி ஆகிய இவ்வளவும் காலைக் காப்பியோடு நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்நாட்டிலே பொழுது சாயும் வேளையில் அடுப்பில் என்ன வேகிறது, பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைக்குத் தாய் தட்டில் எதை வைக்கிறாள் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

சில நாட்களுக்கு முன் வகுப்பிலே பூகோள பாடம் நடக்கையில், "பாகிஸ்தான் ஜனங்களின் ஆகாரம் யாது?" என்று மாணவர்களைக் கேட்டோம். "பிரியாணி!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலாக முழங்கிற்று. ஒரு பையன் மட்டும் எழுந்து நின்று, "கபாப், ஸார்!" என்றான், அவன் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் விஷயம் தெரிந்தவன். பையன்களைக் குறை சொல்வானேன்? பெரியவர்களைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும். தீபாவளியன்று நம் வீட்டுக்கு வந்து போன ஓர் அயல் நாட்டார், தமிழர்கள் லட்டும் அதிரசமும் உண்டே உயிர் வாழ்கிறார்கள் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? ஹோட்டல் பலகையைக் கண்டு ஒரு தேசத்தாரின் சாப்பாட்டை அறிந்துவிட்டதாக எண்ணுவதும் அத்தகையதே.

உண்மையில் அவர்களுடைய சாப்பாடு ரொட்டி. இதற்கு அவர்களுடைய பாஷையே சாட்சி. பஞ்சாபிகள் ஒருவரையொருவர் சந்தித்தால், "ரொட்டி சாப்பிட்டாயிற்றா?" என்று விசாரிப்பார்கள். ரொட்டி என்னும் சொல் அங்கே ஒரு பண்டத்தை மட்டும் குறிப்பதன்று; வேளைச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயர். நாமும் "சோற்றுக்கு வழி தேடுகிறான்", "சோறு போட்ட கை" என்றெல்லாம் சொல்லும்போது வெறும் வெந்த அரிசியையா நினைக்கிறோம்? பிழைப்பு முழுவதையும் அல்லவா நினைக்கிறோம்! அவர்களுக்கு ரொட்டியும் அப்படியே.

சிந்து நதிப் பிரதேசத்துக்கும் கோதுமைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. பலூசிஸ்தானத்தில் மெஹர்கட் என்னும் இடத்தில் பூமியைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், கி.மு. 7000-ஐ ஒட்டிய காலத்திலேயே அங்கு கோதுமையும் பார்லியும் பயிரிடப்பட்டதற்கு அடையாளங்கள் கண்டார்கள். கார்த்திகை மாதத்தை ஒட்டி விதைத்துச் சித்திரையில் அறுப்பது அங்குள்ள வழக்கம். ஆனால் இன்று நாம் காணும் கடல் போன்ற கோதுமை வயல்களுக்கு வயது அதிகமில்லை. ஐந்நதிகளுக்கு இடையே மேய்ச்சல் தரையாகவும் புதர்க்காடாகவும் கிடந்த நிலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் பெரிய கால்வாய்களை வெட்டிற்று. செனாப் நதியிலிருந்து வெட்டிய கால்வாய் 1892-ம் வருஷம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றிக் குடியேற்றங்கள் தோன்றின. லயால்பூர் என்னும் பட்டணமும் எழுந்தது. 1977-ம் வருஷம் முதல் அதற்குப் பைஸலாபாத் என்று பெயர். அதற்கு முன்பே, 1960-ஆம் வருஷங்களின் நடுவில் மெக்ஸிகோ நாட்டுக் குட்டை ரகக் கோதுமை வந்து சேர்ந்தது. 1965-ல் சுமார் 46 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 1970-ல் 70 லட்சத்தைத் தாண்டிற்று. இப்போதோ வருஷத்துக்குச் சுமார் மூன்று கோடி டன் விளைகிறது. 2023-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்குள்ளவர்கள் 24 கோடிப் பேர். தலைக்கு வருஷம் 120 கிலோவுக்குக் குறையாமல் கோதுமை செலவாகிறது. அதாவது நாளொன்றுக்கு முந்நூறு கிராமுக்கு மேல். இவ்வளவு கோதுமை தின்னும் ஜனங்கள் உலகத்தில் மிகச் சிலரே.

சாதாரணக் குடும்பம் ஒன்றின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் பால் கலந்த தேநீர். அதோடு நெய்யோ எண்ணெயோ விட்டுச் சுட்ட பராட்டா, அல்லது முதல் நாள் இரவு மிஞ்சிய ரொட்டி. பழைய சோற்றுக்கு நம் வீட்டில் என்ன மரியாதை உண்டோ, அதே மரியாதை பழைய ரொட்டிக்கும் அங்கே உண்டு. மத்தியானம் ரொட்டியும் பருப்பும், அல்லது ரொட்டியும் காய்கறியும். இரவிலும் ரொட்டியே. தொட்டுக்கொள்ளும் குழம்புக்கு ஸாலன் என்று பெயர். கையில் காசு இருக்கும் நாளில் ஸாலனில் உருளைக்கிழங்கோடு இறைச்சித் துண்டு இரண்டு மூன்று மிதக்கும். இல்லாத நாளில் உருளைக்கிழங்கு மட்டும் தனித்து நிற்கும். பருப்பென்றால் பாசிப் பருப்பு, மைசூர்ப் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து ஆகியவை. பூண்டும் சீரகமும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவார்கள். ஏழைக் குடும்பங்களில் இறைச்சி என்பது பக்ரீத் பண்டிகைக்கு யாரேனும் பங்கு கொடுத்தால் கிடைப்பது. செவ்வாயும் புதனும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி விற்கக் கூடாது என்று கூட ஒரு விதி அந்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. எல்லா ஊர்களிலும் ஒரே கண்டிப்போடு அது நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ரொட்டியைச் சுடும் விதம் இரண்டு. ஒன்று, நம் சப்பாத்தியைப் போல வீட்டில் இரும்புக் கல்லின்மேல் சுடுவது. மற்றொன்று தந்தூர் என்னும் மண் அடுப்பில் சுடுவது. குதிர் போன்ற களிமண் உருவத்தைப் பூமியில் பதித்து, உள்ளே விறகை எரித்து, சுவர் பழுக்கக் காய்ந்தபின் மாவை அதன் உட்புறத்தில் அறைந்து ஒட்டிவிடுகிறார்கள். வெந்ததும் கம்பியால் நெம்பி எடுக்கிறார்கள். பஞ்சாப்பின் கிராமங்களில் ஒரு தெருவுக்கு ஒரு தந்தூர் என்று இருந்தது. பெண்கள் பிசைந்த மாவைத் தட்டில் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு அங்கே வந்து, முறை வைத்துச் சுட்டுக்கொண்டு போவார்கள். விறகும் மிச்சம், ஊர்க் கதையும் பேசியாயிற்று. நம் ஊர்க் கிணற்றடியில் நடக்கும் பாராளுமன்றம் அங்கே தந்தூரடியில் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பட்டணங்களில் தந்தூர் கடையாகிவிட்டது. வீட்டில் குழம்பை மட்டும் காய்ச்சிவிட்டு, பையனைக் கடைக்கு அனுப்பிச் சுடச்சுட ரொட்டி வாங்கி வரச் சொல்வது லாகூர்க் குடும்பங்களில் அன்றாட வழக்கம்.

நிற்க. ரொட்டி என்று ஒரு சொல்லால் சொல்லிவிட்டோமே தவிர, மாகாணத்துக்கு மாகாணம் அதன் மாவும் வேறு, அதன் துணையும் வேறு. எந்த மண்ணில் எது விளைகிறதோ, எந்தத் தொழிலுக்கு எது தாங்குமோ, அதுவே தட்டுக்கு வந்திருக்கிறது.

பஞ்சாப்பில் குளிர்காலம் வந்தால் கடுகுக் கீரைக்குக் கொண்டாட்டம். கடுகுக் கீரையோடு வேறு கீரைகளையும் சேர்த்துச் சிறு தீயில் மணிக்கணக்காக வேகவைத்து, மர மத்தால் கடைந்து, கெட்டிப்படுவதற்குக் கொஞ்சம் மக்காச்சோள மாவும் தூவுவார்கள். கீரை கடையத் தெரிந்த நம் பெண்மணிகளுக்கு இது விளங்குவதில் கஷ்டமே இராது. அதற்குத் துணை மக்காச்சோள ரொட்டி. அதன் தலைமேல் ஒரு கட்டி வெள்ளை வெண்ணெய். பக்கத்தில் வெல்லமும் உப்பிட்ட மோரும். வயலில் பனியில் நின்று உழைத்துவிட்டு வருகிறவனுக்காக ஏற்பட்ட சாப்பாடு இது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த தானியம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே வந்தவை. ஆயினும் இந்தக் கீரையும் ரொட்டியும் இல்லாத பஞ்சாப்பைப் பஞ்சாபிகளால் இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ராவி, செனாப் நதிகளுக்கு நடுவே குஜ்ரான்வாலா, ஷேகுபுரா, ஸியால்கோட் பக்கங்களில்தான் பேர்பெற்ற பாஸ்மதி அரிசி விளைகிறது. அதை விளைவிக்கும் குடியானவன் மட்டும் மூன்று வேளையும் ரொட்டியே தின்கிறான். பாஸ்மதி விருந்தாளிக்கும் கல்யாணத்துக்கும் உரியது. ஒரு பகுதி வெளிநாட்டுக்கும் போகிறது. பாஸ்மதி யாருடைய அரிசி என்று அவர்களும் நம்மவரும் ஐரோப்பாவிலே வழக்காடிக்கொண்டதை நேயர்கள் படித்திருக்கலாம். நதிகளும் வயல்களும் எல்லைக் கோட்டைக் கேட்டுக்கொண்டு உண்டாகவில்லை. கோடுதான் 1947-ல் அவற்றின் நடுவே வந்து விழுந்தது.

சிந்து மாகாணத்துக்குச் சென்றால் காட்சி மாறுகிறது. லர்க்கானாப் பக்கத்திலும் நதியின் கீழ்ப்பகுதியிலும் நெல் வயல்கள் உண்டு. அங்கு சோறும் உண்டு. அரிசி மாவில் தட்டிய ரொட்டியும் உண்டு. தாமரைத் தண்டைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிந்திகளின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது பல்லா என்னும் மீனே. வங்காளிகள் இலிஷ் என்றும், ஆங்கிலம் படித்தவர்கள் ஹில்ஸா என்றும் சொல்லும் மீன் அது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக நதியை எதிர்த்து மேலே நீந்தி வரும் ஜாதி. சிந்திகள் வணங்கும் ஜூலேலால் இந்த மீனின்மேல் வீற்றிருப்பதாகவே சித்திரம் எழுதுகிறார்கள். சக்கர் நகரத்துக்கருகே ஆற்றின் நடுவில் உள்ள ஒரு மகானின் ஸ்தலத்தைத் தரிசிக்கவே அந்த மீன் வருகிறது என்றும், தரிசித்த பிறகே அதன் உடல் வெள்ளியாக மின்னுகிறது என்றும் ஒரு கதை வழங்குகிறது. செம்படவர்கள் பெரிய மண் பானை ஒன்றின்மேல் வயிறு படியப் படுத்து, ஆற்றோடு மிதந்து வலை வீசி, அகப்பட்ட மீனை அந்தப் பானைக்குள்ளேயே போட்டுக்கொள்வார்களாம்.

அந்த யாத்திரை இப்போது தடைப்பட்டுவிட்டது. 1932-ம் வருஷம் சக்கர் அணை திறக்கப்பட்டது. பாலைவனமாய்க் கிடந்த லட்சக்கணக்கான ஏக்கர் அதனால் பசுமையாயிற்று; அதை மறுப்பதற்கில்லை. 1955-ல் அதற்கும் கீழே, கடலுக்கு அருகில் கோத்ரி அணை எழுந்தது. கோதுமைக்கும் பருத்திக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கிடைத்தது; மீனுக்கு வழி அடைபட்டது. அணைக்குக் கீழே பல மாதங்கள் ஆற்றில் போதிய நீரும் இருப்பதில்லை. நதியிலே பல்லா அருகிவிட்டது. விலையும் எளியவர்களின் கைக்கு எட்டாமல் போயிற்று. ரொட்டியைக் கொடுத்த கால்வாயே மீனை வாங்கிக்கொண்டது என்று செம்படவன் சொல்வானானால், அதற்கு நாம் என்ன பதில் சொல்வது?

அதே மாகாணத்தின் கிழக்குக் கோடியில் தார்ப் பாலைவனம் இருக்கிறது. அங்கே நதியும் இல்லை, கால்வாயும் அருமை. மழை பெய்தால் கம்பு விளையும். பெய்யாவிட்டால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஜனங்கள் ஊரை விட்டுப் புறப்பட வேண்டியதுதான். கம்பு ரொட்டியும் மோரும், வாய்த்தால் ஒரு மிளகாய்த் துவையலும் அவர்களுடைய ஆகாரம். கம்பங்கூழைக் கண்டிருக்கும் நமது தெற்கத்திச் சீமைக் குடியானவன் அந்தப் பாலைவனத்துக் குடிசைக்குள் நுழைந்தால், மாவின் வாசனையைக் கொண்டே சொந்த ஊர் வந்துவிட்டதாக எண்ணினாலும் எண்ணுவான்.

வடமேற்கே கைபர் கணவாய்ப் பிரதேசத்தில் பட்டாணியர் வசிக்கிறார்கள். இறைச்சி தின்பவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். ஆனால் மசாலை மணம் வீசும் சமையல் அங்கே குறைவு. உப்பு, கொழுப்பு, தக்காளி, பச்சை மிளகாய் இவற்றோடு ஆட்டிறைச்சியை வதக்கி இறக்கிவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். தேரா இஸ்மாயில் கான், பன்னு முதலிய தென் ஜில்லாக்களில் ஸொஹ்பத் என்று ஓர் உணவு உண்டு. மெல்லிய ரொட்டிகளைப் பிய்த்து ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, கோழி இறைச்சியின் சாற்றை அதன்மேல் ஊற்றி ஊறவிட்டு, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஸொஹ்பத் என்னும் சொல்லுக்குச் சேர்க்கை, தோழமை என்று பொருள். பண்டத்தின் பெயரே அதைத் தனியாக உண்ணக் கூடாது என்று சொல்லிவிடுகிறது.

பலூசிஸ்தானமோ மலையும் கல்லும் நிறைந்த வறண்ட நாடு. ஆடு மேய்ப்பவர்கள் அடுப்பையும் கல்லையும் சுமந்து திரிய முடியுமா? ஆகையால் உருண்டைக் கல்லை நெருப்பில் காய்ச்சி, அதைச் சுற்றி மாவைப் பூசி, கனலருகே வைத்துச் சுட்டெடுத்தார்கள். காக் என்று அதற்குப் பெயர். உப்பு மட்டும் தடவிய ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோத்து, தீயைச் சுற்றி நட்டு, மெதுவாக வாட்டுவது ஸஜ்ஜி. பனிக்காலத்தில் மேய்ச்சல் இராது. அதற்காக முன்கூட்டியே இறைச்சியை உப்பிட்டு உலர்த்தி வைக்கிறார்கள். நம் ஊர் உப்புக்கண்டமேதான். தெற்கே மக்ரான் கரையில் பேரீச்சம் பழமும் மீனும் கருவாடும் உணவாகின்றன.

வடக்கே, பாகிஸ்தானின் ஆட்சியிலிருக்கும் கில்கித், ஹுன்ஸா, பல்திஸ்தான் பள்ளத்தாக்குகளில் விளைநிலம் மிகக் குறைவு. மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய துண்டு நிலங்களில் கோதுமையும் பார்லியும் விளைவித்து, ஆப்ரிகாட் என்னும் பழத்தைக் கூரைகளின்மேல் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். அதன் கொட்டைப் பருப்பிலிருந்து எண்ணெயும் எடுக்கிறார்கள். அங்கே தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பும் வெண்ணெயும் சேர்வதுண்டு.

இனி, கராச்சி. 1947-ல் டில்லியிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும், பின்னர் ஹைதராபாத்திலிருந்தும், லட்சக்கணக்கானோர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். வீடும் நிலமும் பின்தங்கிவிட்டன. நாக்கில் இருந்த ருசி மட்டும் கூடவே போயிற்று. இரவெல்லாம் வேகவைத்து விடியற்காலையில் பரிமாறும் டில்லி நிஹாரி, கோதுமையும் பருப்பும் இறைச்சியும் ஒன்றாய்க் கரையும் ஹலீம், ஹைதராபாத்தின் புளியும் கறிவேப்பிலையும் சேர்ந்த பருப்பு எல்லாம் அப்படிக் குடியேறியவையே. அந்நகரத்தில் மதராஸி பாரா என்று ஒரு குடியிருப்பு உண்டு. தமிழ் வம்சத்தைச் சேர்ந்த ஹிந்துக் குடும்பங்கள் சில அங்கே வாழ்ந்து வருகின்றன.

இக்கரைக்கு வந்ததும் அதே கதைதான். மேற்குப் பஞ்சாப்பிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களோடு தந்தூர் டில்லிக்குப் பரவிற்று. இன்று நம் சென்னை ஹோட்டல்களிலும் அது எரிகிறது. சிந்து ஹிந்துக்கள் கீரையும் கடலைப் பருப்பும் சேர்த்துச் செய்யும் ஸாயீ பாஜியைப் பம்பாய்க்கருகே உல்ஹாஸ்நகர் அகதி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். டில்லியில் 1906-ல் ஒரு யூனானி வைத்தியர் தொடங்கிய ஹம்தர்த் மருந்துச்சாலையின் ரோஜா நிற ஷர்பத்தைப் பாருங்கள். பிரிவினைக்குப் பின் வைத்தியரின் புதல்வர் ஒருவர் டில்லியிலேயே தங்கினார். மற்றொருவர் கராச்சி சென்று 1948-ல் அங்கே ஒரு ஹம்தர்தை ஸ்தாபித்தார். ரூஹ் அப்ஸா என்னும் அந்த ஷர்பத் இரண்டு நாடுகளிலும் ரம்ஜான் நோன்பு திறக்கும் மாலைகளில் தாகம் தீர்த்து வருகிறது. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் கஞ்சி எப்படியோ, அங்கே பேரீச்சம் பழமும் பக்கோடாவும் ஷர்பத்தும் அப்படி.

தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு அவர்களுக்குத் தேயிலை கிழக்குப் பாகிஸ்தானத்துச் சில்ஹெட் தோட்டங்களிலிருந்து வந்தது. 1971-ல் அது பங்களாதேஷ் ஆகிவிட்டது. தோட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. இப்போது பெரும்பாலும் கென்யா தேசத்திலிருந்து தேயிலை வாங்குகிறார்கள். 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த சமயம், திட்ட மந்திரி அஹ்ஸன் இக்பால், ஜனங்கள் ஒன்றிரண்டு கோப்பைத் தேநீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜனங்கள் மந்திரியைக் கேலி செய்தார்கள். காப்பியைக் குறைத்துக்கொள்ளும்படி நம்மை யாரேனும் கேட்டால் நாம் மட்டும் என்ன செய்வோம்!

கேலிக்கு இடமில்லாத விஷயம் ரொட்டியின் விலை. 1970-ம் வருஷத் தேர்தலில் ஜுல்பிகர் அலி பூட்டோவின் கட்சி ஜனங்களுக்கு வாக்களித்தது மூன்று: ரொட்டி, துணி, வீடு. ரொட்டியே முதலில் நின்றது. 2008-ல் பஞ்சாப் மாகாண சர்க்கார் இரண்டு ரூபாய்க்கு ஒரு ரொட்டி என்று திட்டம் போட்டுச் சில வருஷம் நடத்திக் கைவிட்டது. 2022-ம் வருஷ வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். மூன்று கோடிக்கு மேற்பட்டோர் துன்புற்றார்கள். வயல்களோடு சேமித்து வைத்த தானியமும் பாழாயிற்று. மறுவருஷம் மே மாதத்தில் விலைவாசி ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 38 வீதம் ஏறியிருந்தது. அவ்வாண்டு ரம்ஜான் மாதத்தில் இலவச மாவுக்கும் தர்மத்துக்கும் திரண்ட கூட்டங்களில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். மார்ச் 31-ம் தேதி கராச்சியில் ஓரிடத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மூன்று கோடி டன் கோதுமை விளையும் நாட்டிலே, மாவுக்குக் காத்து நின்ற தாய் மிதிபட்டுச் சாவதென்றால், குறை மண்ணில் இல்லை என்பது தெளிவு.

அடுத்த வருஷம் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் பஞ்சாப் சர்க்கார் 20 ரூபாய்க்கு விற்ற நூறு கிராம் ரொட்டியை 16 ரூபாய்க்கே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பட்டணத்தில் கூலி வேலை செய்பவன் மகிழ்ந்தான், நியாயமே. ஆனால் அதே மாதத்தில் கோதுமை அறுவடையும் வந்தது. நாற்பது கிலோவுக்கு 3,900 ரூபாய் என்று விலை அறிவித்திருந்த சர்க்கார், வழக்கம்போல் கோதுமையை வாங்க முன்வரவில்லை. வெளிநாட்டிலிருந்து முன்னரே இறக்குமதி செய்த கோதுமை கிடங்குகளில் குவிந்து கிடந்தது. சந்தையில் விலை சரிந்தது. உரத்துக்கும் தண்ணீருக்கும் கடன் வாங்கியிருந்த குடியானவர்கள் லாகூருக்கு வந்து கிளர்ச்சி செய்தார்கள். ரொட்டி மலிவாக வேண்டும் என்பதும் உண்மை. அதை விளைவித்தவன் பிழைக்க வேண்டும் என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே உள்ள கணக்கைத் தீர்க்க அங்குள்ளவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்துவிட்டதாக மார்தட்டிக்கொள்ள முடியுமா என்பதை நேயர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

சர்க்கார்கள் தடுமாறும் இடத்தில் பழைய தர்மங்கள் ஓரளவு தாங்கிப் பிடிக்கின்றன. லாகூரில், பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அலி ஹுஜ்வீரி என்னும் மகானின் சமாதியில் பசித்து வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு கிடைக்கிறது. வேண்டுதல் செய்துகொண்டவர்கள் பெரிய தேகிசாக்களில் அன்னம் சமைப்பித்து வழங்குகிறார்கள். கராச்சியில் தரும ஸ்தாபனங்கள் தெருவோரத்தில் பந்தி விரித்து ஏழைகளுக்கு உணவளிக்கின்றன. ராவி நதிக்கரையில் இருக்கும் கர்தார்பூரில்தான் குரு நானக் தம் கடைசிக் காலத்தில் ஏர் பிடித்து உழுது, வந்தவர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து உண்பித்து, 1539-ல் மறைந்தார். 2019 நவம்பர் 9-ம் தேதி இந்திய யாத்திரிகர்களுக்காக அங்கே ஒரு வழி திறக்கப்பட்டபோது, எல்லையைத் தாண்டிப் போனவர்கள் அந்தப் பந்தியில் தரையில் அமர்ந்து, அந்த மண்ணில் விளைந்த கோதுமை ரொட்டியையும் பருப்பையும் உண்டு திரும்பினார்கள். அங்கே பரிமாறுபவர்கள் உண்பவனின் ஊரையும் ஜாதியையும் கேட்பதில்லை.

நம் குழந்தைகள் பூகோளப் படத்தை விரிக்கும்போது, எல்லைக் கோட்டோடு நிறுத்திவிடாமல் சக்கரையும் கோத்ரியையும் பைஸலாபாத்தையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த அணை எந்த வயலுக்கு நீர் தந்தது, எந்த மீனின் வழியை அடைத்தது என்று அவர்களுக்குக் கதையாகவே சொல்லலாம். அந்நாட்டோடு நமக்குள்ள வழக்குகள் அதனால் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வழக்குகள் வழக்குகளாகவே இருக்கட்டும். ஆனால் நாளைக் காலைப் பத்திரிகையில் அவர்களைப் பற்றிய செய்தியைப் படிக்கையில், ஏதோ ஒரு தெருவில் தந்தூர்க் கடை முன்னால், கையில் சில்லறையை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு எத்தனை ரொட்டி வாங்கலாம் என்று யோசித்து நிற்கும் ஒரு பையனையும் நாம் சேர்த்து நினைப்பது நலம்.